அரிசி வாடை ஆகாத ஜமீன்

பொய்க்கும் புளுகுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் திருநெல்வேலியில் பெண் எடுக்கக் கூடாது. பொய் சொல்கிறவனுக்கு நாம் நம்ப வேண்டும். புளுகுகிறவனுக்கு நாம் எழுந்து போகாமல் இருந்தால் போதும். சங்கரநயினார் இந்த இரண்டாம் வகையில் முதல் தரம். கரண்டு ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், தான் கம்பத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு மின்னல் அடுத்த தெருவுக்குத் திரும்பிப் போனதாக அவர் சொல்வதுண்டு. கேட்டவர்கள் யாரும் நம்பியதில்லை. யாரும் எழுந்து போனதுமில்லை.

அன்றைக்கு அவர் மகள் வடிவுக்கு அந்த வாயை நினைத்துத்தான் பயம். தென்காசியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் குற்றாலநாதனை அவளுக்கு முன்பே பிடித்துப்போயிற்று. மாதக்கணக்காகப் போனில் பேசிப் பழகியவனை, இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு சடங்கு. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அவள் வளர்க்கும் பூனை ஜமீனும் கூட வரும். பையன் சரி என்று சொல்லியிருந்தான். அவன் அம்மா பகவதியம்மாள் சரி என்றாக வேண்டும். "அம்மாவை நான் பாத்துக்கிடுதேன்" என்று போனில் சூளுரைத்தவன், இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிக்கல் பூனையின் இலையில் இருந்தது. இரண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையாகச் சைவம். ஜமீன் அப்படி இல்லை. சோறு வைத்தால் கக்கும். கடையில் விற்கும் பூனைப் பிஸ்கட்டைத் தின்றால் உடம்பைச் சொறிந்தே புண்ணாக்கிக்கொள்ளும். தானியம் கலக்காத ஈர உணவாக, தரமான டின்னாகப் பார்த்து வாங்கும்படி கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். தானியத்தை எடுத்துவிட்டால் அந்த டின்னில் மிச்சமிருப்பது மீன். வடிவு கம்பெனி கம்பெனியாக வாங்கி வைத்து, ஜமீன் மூஞ்சியைத் திருப்பாத ஒரு டின்னைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த டின்கள் வீட்டுக்குள் நுழையாமல் கொல்லையில் மோட்டார் ரூமில் குடியிருந்தன.

விஷயத்தைத் தானே பக்குவமாக எடுத்துச் சொல்வதாக வடிவு சொன்னாள். சங்கரநயினார் ஒப்பவில்லை. "பூனைப் பேச்சை எங்கிட்ட விடு. மீனுங்கிற சொல்லு என் வாயில வந்தா கேளு" என்றார்.

பஜ்ஜியும் கேசரியும் வந்தன. வடிவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு முடித்த பகவதியம்மாள், நேரே பூனைக்கு வந்தாள். தங்கள் வீட்டில் தயிர்சோறுதான் கிடைக்கும், பூனை அதைத் தின்னுமா என்று கேட்டாள்.

சங்கரநயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் பெருமை பேச வேண்டிய இடம் அது. பெண்ணைப் பெற்றவர்கள் வழக்கமாக, "எங்க புள்ள ஒரு டம்ளர் கழுவி அறியாது" என்று செல்லத்தை அளந்துவிடும் இடம். அவர் அந்த வரிசையில் பூனையை நிறுத்தினார்.

"தயிர்சோறா? தங்கச்சி, ஜமீன் பக்கத்து வீட்டுல அரிசி களைஞ்சாலே இந்தப் பக்க ஜன்னலை மூடச் சொல்லும்."

தானியம் அதற்கு ஜென்ம விரோதி என்றார். டின்னைத் திறக்கவே வேண்டாமாம். மூடியை மோந்து பார்த்தே சொல்லிவிடுமாம். ஒருமுறை, தானியமே இல்லை என்று பொன்னெழுத்தில் அச்சடித்த வெளிநாட்டு டின் ஒன்றை வாங்கி வைத்தார். ஜமீன் அதைக் காலால் தள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தது. அவருக்கே கோபம் வந்து டின்னைச் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். தானியம் இல்லை என்று பதில் வந்தது. ஜமீன் அந்தக் காகிதத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மறுபடியும் சோதிக்கச் சொன்னார். இரண்டாம் சோதனையில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு கோதுமைத் துணுக்கு அகப்பட்டது. ஆய்வுக்கூடத்துத் தலைவர் தன் நாற்காலியை ஜமீனுக்குக் கொடுப்பதாகச் சொன்னாராம். வடிவை விட்டுப் பிரிய மனமில்லாமல் அது மறுத்துவிட்டதாம்.

"நாற்காலிய வேண்டாம்னுட்டா?" என்றாள் பகவதியம்மாள். அவள் குரலில் வியப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மாசச் சம்பளம் அதுக்குப் பிடிக்காது."

பிறகு கதை கம்பெனிக்குப் போயிற்று. சிங்கப்பூர் பக்கத்தில் எங்கேயோ தொழிற்சாலை. இவ்வளவு சுத்தமாகச் செய்தும் ஜமீன் முகம் கோணுகிறதே என்று அங்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி விமானம் ஏறி வந்தார். அவர் முன்னால் ஒவ்வொரு டின்னாக மோந்து பார்த்த ஜமீன், ஒன்றின் மூடியில் மட்டும் நகத்தால் கீறியது. விசாரித்தால், அந்த மூடியை அழுத்திய தொழிலாளி நம்மூர்க்காரன். காலையில் இட்லி தின்றுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறான். அவன் மூச்சு பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஆலை வாசலில் எல்லோரையும் ஊதச் சொல்லி, இட்லி வாடை வந்தால் திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்கள் கொடி பிடித்தார்கள். கடைசியில் ஜமீன் இறங்கிவந்து, விடுமுறை நாளில் இட்லி தின்னலாம் என்று விட்டுக்கொடுத்த பிறகுதான் ஆலை ஓடியது.

பையனின் அப்பா நமசிவாயம் அதுவரை வாய் திறந்தது பஜ்ஜிக்கு மட்டும்தான். அவர் இப்போது உண்மையான கவலையோடு, தோசைக்கும் தடை உண்டா என்று கேட்டார்.

"தோசை கேஸு இன்னும் நடந்துக்கிட்டிருக்கு" என்றார் சங்கரநயினார்.

இந்த நேரத்தில் ஜமீனே உள்ளே வந்தது. நமசிவாயத்தின் தட்டிலிருந்து விழுந்த பஜ்ஜித் துண்டைச் சாவகாசமாகத் தின்றது.

"திங்குதுல்லா" என்றாள் பகவதியம்மாள்.

வடிவுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பா இத்தோடு நிறுத்துவார். ஆனால் அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வைத்திருந்தார். "கடலைமாவு தானியம் கிடையாது தங்கச்சி. அது பருப்பு வகை. அதுக்குத் தெரியுது பாருங்க." வடிவின் பக்கத்தில் நின்ற அவள் அம்மா, மாவில் மொறுமொறுப்புக்கு அரிசிமாவும் கலந்திருப்பதை முணுமுணுத்தாள். நல்லவேளையாக அது யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம்தான் விபரீதம் நடந்தது. ஜமீன் அடுத்து பகவதியம்மாள் கீழே வைத்திருந்த கேசரிக் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, தும்மி, விலகிப் போயிற்று. ரவை, கோதுமை. பூனைகளுக்கு இனிப்பு ருசியே தெரியாது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். சங்கரநயினார் அந்த நேரத்தில் படித்தவராக இல்லை. ஆயுளில் முதல்முறையாக, அவர் புளுகுக்கு உலகமே வந்து சாட்சி சொல்லியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்ததுமே வடிவுக்கு அது தெரிந்துவிட்டது. பொய்யென்று நிரூபித்துப் பொய்யனை நிறுத்திவிடலாம். நிரூபணமான புளுகனை யார் நிறுத்துவது?

அவர் புளுகு ஓட ஆரம்பித்தது. அப்புறம் லேபிளாம். லேபிள் ஒட்டுகிற பசை மைதாவில் காய்ச்சியது; ஜமீன் தொடவில்லை. பசையை விட்டுவிட்டு லேபிளை நூலால் கட்டி அனுப்பினார்கள். நூலுக்குக் கஞ்சி போட்டிருந்தார்கள், அரிசிக் கஞ்சி. ஜமீன் அன்று முழுவதும் பட்டினி. கஞ்சி போடாத நூலுக்காகத் தனியாக ஒரு நூற்பாலையே தொடங்கினார்கள்.

வடிவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆய்வுக்கூடம், ஆலை, மூடி, லேபிள், நூல். கதை வெளியிலிருந்து டின்னை உரித்துக்கொண்டே வருகிறது. இனி உரிப்பதற்கு மிச்சமில்லை. அடுத்தது உள்ளே இருப்பதுதான். அவள் இருமினாள். அம்மா காப்பி வேண்டுமா என்று எல்லோரையும் கேட்டாள். குற்றாலநாதன் மின்விசிறியை விட்டுவிட்டு வடிவைப் பார்த்தான், அவனுக்கும் புரிந்துவிட்டது. உதவிக்கு மட்டும் வரவில்லை.

"இவ்வளவும் செஞ்சு, போன மாசம் ஜமீன் மறுபடியும் திங்காம படுத்துக்கிட்டுது" என்றார் சங்கரநயினார். "ஏன்னு கேளுங்க. நான் விடல. வேரு வரைக்கும் போனேன். மலேசியாவுல ஒரு முருகன் கோயில் தெப்பக்குளம். நம்ம சனங்க அங்கயும் போயி, படித்துறையில நின்னு பொரி போட்டிருக்காங்க. பொரி என்ன? நெல்லு. குஞ்சுல இருந்து அந்தப் பொரியத் தின்னே வளந்த மீனு..."

நமசிவாயம் பாதிக் கடியில் நின்றார்.

"எது பொரி தின்னுச்சு?" என்றாள் பகவதியம்மாள்.

வேறொருவராக இருந்தால் அங்கேயே தலை கவிழ்ந்திருக்கும். சங்கரநயினார் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"மீனுதான் தங்கச்சி. ஆனா அது சைவ மீனு. புழு பூச்சி தொடாது. பொரி, தேங்காச்சில்லு, வெண்பொங்கல், அவ்வளவுதான். வலை போடுறதில்ல, தூண்டில் கிடையாது. வயசானதும் தானா படித்துறைக்கு வந்து, கடைசிப் படியில தலைய வச்சு, கோயில் மணி அடிக்கையில உயிர விடும். அப்புறந்தான் டின்னுல அடைக்காங்க. ஒரு உயிரக் கொன்னு..."

"அப்பா, போதும்" என்றாள் வடிவு.

பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவள் முன்னால் வந்து நின்றாள். "அத்தை, அது கடல் மீன். வலை போட்டுப் பிடிச்சது. அதைத் தவிர எதத் தின்னாலும் இதுக்கு உடம்புக்கு ஆகாது. கொல்லையில வச்சுத்தான் போடுதேன், தனி ஸ்பூன், தனித் தட்டு. உங்க அடுப்பங்கரைப் பக்கம் வராது. ஆனா இது இல்லாம நான் வரல."

சங்கரநயினார் அந்த உண்மையைக் கேட்டுக் கூசிப்போனார். இவ்வளவு வெறுமையான ஒரு கதையை அவர் தன் வீட்டில் கேட்டதில்லை.

பகவதியம்மாள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். நமசிவாயம் பஜ்ஜியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"இவுகளும் சைவந்தான்" என்றாள். "டாக்டர் சொன்னாருன்னு மாடியில தனிச் சட்டி வச்சு ஆம்லெட் போட்டுத் திங்காக. எந்த டாக்டருன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. அந்தச் சட்டிக்குப் பக்கத்துல உன் ஸ்பூனும் இருந்துட்டுப் போகட்டும்."

குற்றாலநாதன் மூச்சு விட்டான். சங்கரநயினார் முகம் மலர்ந்து, ஆம்லெட்டைப் பற்றி ஏதோ தொடங்க வாயெடுத்தார். பகவதியம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பூனை எப்ப வேணா வரட்டும் அண்ணாச்சி. நீங்க வாரதா இருந்தா மட்டும் ஒரு போன் போட்டுட்டு வாங்க. நாங்க வீட்டுல இருக்கணுமா வேண்டாமான்னு பாக்கணும்லா."