வடிவும் செல்லியும் பின்னிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் மனித உடம்புக்குள் குடியிருந்தவர்கள் எல்லாரும் வாய்திறந்து பேசுவார்கள். பேசுவதோடு நின்றால் நல்லது, நிற்கமாட்டார்கள். சண்டையும் போடுவார்கள்.

உப்பளத்தில் உப்பு வாரும் இசக்கியம்மாள் என்ற பெண்ணின் உடம்பிலும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. நுரையீரல் ஓரத்தில் பெருவயிறன் என்பவன் வீடு. காற்றோடு வரும் தூசி, கிருமி எதுவானாலும் விழுங்குவது அவன் வேலை. விழுங்கியதில் ஒரு துணுக்கை எடுத்து, இன்னதைத் தின்றேன் என்று வாசலில் தொங்கவிடுவான். பிறகு படுத்துவிடுவான்.

அவனை எழுப்புவது லேசு இல்லை. வாசலின் இந்தக் கோடியில் ஒரு விசை, அந்தக் கோடியில் ஒரு விசை. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் உள்ளே மணி அடிக்கும். போகிறவர் வருகிறவர் உரசியதற்கெல்லாம் அவன் எழுந்து அடுப்பை மூட்டினால் உடம்பே வெந்துபோகும் என்று பயந்து செய்த ஏற்பாடு அது.

ஒரு நாள் மெழுகுச் சட்டை போட்ட கிருமி ஒன்று உள்ளே வந்தது. பெருவயிறன் வழக்கம்போல விழுங்கினான், துணுக்கைத் தொங்கவிட்டான், தூங்கிவிட்டான். கிருமி சாகவில்லை. மெழுகு அதைக் காப்பாற்றியது. அவன் வயிற்றுக்குள்ளேயே குடும்பம் நடத்திப் பெருகியது.

காவல்காரி வேலம்மாள் ரோந்து வந்தபோது வாசலில் தொங்கிய மெழுகுத் துணுக்கைப் பார்த்தாள். அவளிடம் தூது சொல்ல இரட்டைப் பெண்கள் இருந்தார்கள். வடிவு, செல்லி. நாடாவை இழுத்துப் பிடித்ததுபோல இருவருக்கும் நீளமான, நேரான உடம்பு.

“ஓடுங்கட்டி! அவன எழுப்புங்க. வயித்துக்குள்ள கிருமி குட்டி போட்டுக்கிட்டுக் கெடக்கு. இசக்கியம்மா இருமி இருமி ரத்தமாத் துப்புதா. அவ விழுந்தா நாம அத்தன பேரும் போயிருவோம்.”

“நான் முன்னால போறேன். நான்தான் மூத்தவ” என்றாள் வடிவு.

“எவ்வளவு மூத்தவ? மூணு மூச்சு! அதுக்கா இந்த அலட்டல்?” என்றாள் செல்லி.

வடிவு பாய்ந்தாள். ஒரு விசையை அமுக்கினாள். மணி அடிக்கவில்லை. அடுத்ததற்குக் கை நீட்டுவதற்குள் ரத்த ஓட்டத்தின் வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போனது. பின்னால் வந்த செல்லி மற்ற விசையை அமுக்கினாள். அவளையும் வெள்ளம் இழுத்தது. சுற்றிச் சுற்றி மூன்று தடவை வந்தார்கள். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி இல்லை.

“வாசல்ல யாரு? கொசுவா?” என்று வயிற்றுக்குள்ளிருந்து கிருமி சிரித்தது.

அப்போது எல்லாம் ஆடியது. உப்புக் குவியலின் மேல் இசக்கியம்மாள் சுருண்டு விழுந்துவிட்டாள். வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வடிவு தங்கையைப் பார்த்தாள். “ஏட்டி செல்லி, இங்க வா. என்னச் சுத்திக்கோ. நானும் உன்னச் சுத்திக்கிடுதேன்.”

“சுத்திக்கிட்டா?”

“பிறகு பிரிய முடியாது. யாரு மூத்தவ, யாரு இளையவன்னு ஒரு பய கேக்கமாட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான்.”

செல்லி கொஞ்சம் யோசித்தாள். “காலம் பூரா உன் வாயக் கேக்கணுமே தாயீ!”

“கேட்டுத்தான் ஆகணும்.”

“சரி, வா.”

நேராக இருந்த உடம்பை வடிவு வளைத்தாள். ஆறு சுருளாகச் சுருட்டினாள். செல்லியும் அதேபோல ஆறு சுருள் சுருட்டினாள். இவள் சுருள் அவள் இடுக்கில் நுழைந்தது, அவள் சுருள் இவள் இடுக்கில் நுழைந்தது. கடைசியில் எது யார் கை என்று வேலம்மாளுக்கே தெரியவில்லை. அந்த உருவத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

அப்படியே வெள்ளத்தில் குதித்தார்கள். வாசலில் வந்து மோதியபோது இந்தப் பக்கம் இந்த விசையில் பொருந்தியது, அந்தப் பக்கம் அந்த விசையில் பொருந்தியது. ஒரே அமுக்கு!

மணி அடித்தது. வீடே அதிர அடித்தது.

“எவ அவ?” என்று பெருவயிறன் உருண்டு எழுந்தான்.

“மாமா, உம்ம வயித்தப் பாரும்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பார்த்தான். அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. “என் சோத்துச் சட்டியிலயே குடித்தனமா?” என்று அடுப்பை மூட்டினான். புளித்த திராவகத்தைக் கொட்டினான். அக்கம்பக்கத்துப் பெருவயிறன்களின் வாசலிலும் இரட்டையர் போய் அமுக்க, வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. இசக்கியம்மாள் உடம்பு அனலாய்க் கொதித்தது.

மெழுகுச் சட்டை உருகி ஒழுகியது. “கொசுன்னு நெனச்சிட்டேனே!” என்று அலறிய கிருமி, குட்டிகளோடு கரைந்துபோனது.

இசக்கியம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது. சில நாளில் எழுந்து உட்கார்ந்து, “ஏளா, கஞ்சி இருக்கா? ரெண்டு கருவாடும் சுட்டு வையி” என்று மகளை அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் குலவை போட்டார்கள். வேலம்மாள் போட்ட குலவைதான் எல்லாவற்றிலும் பெரிது.

அந்த இரட்டையருக்குப் படித்தவர்கள் காமா இன்டர்ஃபெரான் என்று ஒரே பெயராக வைத்திருக்கிறார்கள். அன்று போட்ட பின்னல் அவிழவே இல்லை; அதிலிருந்துதான் இந்தத் தூது எந்த உடம்பிலும் ஒற்றையாகப் போகாமல், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டே போய், தூங்குகிற பெருவயிறன்களைத் தட்டி எழுப்புகிறது.