கிண்ண விளிம்பில் உட்கார்ந்த இருமல்

கோழிக்கும் பேச்சு வரும், நோய்க்கும் பேச்சு வரும் என்றிருந்த அந்தக் காலத்தில், இருமலுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. ஆற்றோரத்துப் பாறைக் குழி ஒன்றில், பாசிக்கு அடியில், போக வழியில்லாமல் கிடந்தது. வேட்டைக்குப் போன மாசாணன் ஒருநாள் குப்புறப் படுத்து அந்தக் குழித் தண்ணீரை உறிஞ்சினான். இருமல் அவன் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டது. ஏறிய பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து இன்னொருவரிடம் போக அதற்கு வழியில்லை.

"ஒரு பாலம் கிடைச்சாப் போதுமே!" என்று உள்ளேயே புலம்பிக்கொண்டிருந்தது.

மாசாணன் கீழ்க்கரைக்காரன். அவன் தங்கை சடச்சியை மேல்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு கரையும் வெட்டிக்கொண்டதில் போக்குவரத்தே நின்றுபோனது. தங்கைக்குப் பிறந்த பிள்ளையின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

ஒருவழியாகச் சமாதான நாள் வந்தது! மணல்திட்டில் பறை அதிர்ந்தது. சுக்கும் வெல்லமும் கொதித்து மணத்தன. இரண்டு கரையாரும் ஒரே மரக்கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். மறுப்பவர் பகையாளி. மறுபடி அரிவாள் எழும்.

முதல் மிடறு மாசாணன் குடித்தான். லொக் என்று இருமினான். கிண்ணம் அடுத்த கைக்குப் போனது.

விருந்துக்காகக் கால் கட்டிப் போட்டிருந்த புள்ளிக்கோழி அலறியது. "ஐயையோ! விளிம்புல ஒண்ணு உக்காந்திருக்கு! வாய் வைக்காதீங்க!"

"குழம்புக்குப் போற கோழிக்கு வாயைப் பாரேன்!" என்று பறையடிப்பவன் சிரித்தான். "கிண்ணம் முடிஞ்சா அடுத்தது தன் கழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு."

"என் கழுத்து கிடக்கட்டும், உங்க நெஞ்சைப் பாருங்கடா!"

யாரும் கேட்கவில்லை. உதட்டிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து உதட்டுக்கு, இருமல் தாவித் தாவி வந்தது. குடித்தவர் ஒவ்வொருவரும் லொக் என்றார். அந்தச் சத்தம் வரிசையில் நகர்ந்து சடச்சியை நெருங்கியது. அவள் மார்பில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏ கோழி, நெசமாப் பாத்தியா?" என்று கேட்டாள் சடச்சி.

"நானும் குஞ்சு வச்சிருக்கேன் தாயி. பொய் சொல்லுவேனா?"

குடித்தால் இருமல் பிள்ளைக்கு வந்துவிடும். குடிக்காவிட்டால் அண்ணனும் புருஷனும் வெட்டிக்கொள்வார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்ட கோழி, பக்கத்துக் குட்டையில் அலகை நனைத்துத் தலையை வானம் பார்க்கத் தூக்கியது. நீர் தானாக உள்ளே இறங்கியதைச் சடச்சி பார்த்தாள்.

கிண்ணம் அவளிடம் வந்தது. பிள்ளையை இடுப்பில் இறுக்கி, கிண்ணத்தை உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

பறை நின்றது.

"என்னடி இது? அண்ணன் வாய் வச்சது உனக்கு எச்சிலாப் போச்சா?" மாசாணன் அரிவாளைத் தொட்டான்.

சடச்சி கடைசித் துளியையும் விழுங்கிவிட்டுத்தான் பேசினாள். "எச்சில்னா கீழ கொட்டியிருப்பேனே அண்ணே. மண்ணைப் பாரு. ஒரு சொட்டு விழுந்திருக்கா?"

எல்லாக் கண்களும் மணலைப் பார்த்தன. காய்ந்து கிடந்தது.

"நீ வா, என் வீட்டுக்கு வா. உன் நெஞ்சுல உக்காந்திருக்கானே, அவன் மட்டும் என் பிள்ளைகிட்ட வரவேண்டாம்."

பதில் சொல்ல வாய் திறந்தான் மாசாணன். இருமல்தான் வந்தது. அவனுக்குப் பின் குடித்தவர்களும் இருமினார்கள். அவன் கை அரிவாளிலிருந்து இறங்கியது. "மிச்சப் பேரும் தூக்கிக் குடிங்கய்யா" என்றான் மெதுவாக.

கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்கள். உதடு வரும், உதடு வரும் என்று விளிம்பில் காத்திருந்த இருமல் வெயிலில் சுருண்டுபோனது.

முன்னால் குடித்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. மாசாணன் மழைக்காலம் முடிந்துதான் எழுந்தான், எலும்பும் தோலுமாக. தங்கை மகளைப் பார்க்க ஆற்றைக் கடந்து வந்தவனுக்குச் சடச்சி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே அண்ணாந்தான். பாதி கழுத்தில் வழிந்தது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தது.

அந்தக் கோழியை அன்றைக்கு யாரும் அறுக்கவில்லை. அன்றைக்கு மட்டும்தான்.

செம்பை உதட்டில் படாமல் தூக்கி நாம் அண்ணாந்து குடிப்பதும், தண்ணீர் குடிக்கும் கோழி, சரியாகத்தான் குடிக்கிறோமா என்று நம்மை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வதும் அன்று முதல்தான்.