குடில் காத்த கழுதை

ஒரு குளக்கரையில் சவுக்குத் தோப்பு இருந்தது. அங்கே பசு, வெள்ளாடு, கொக்கு ஆகியோருடன் நானும் இருந்தேன். நான் ஒரு கழுதை. பெயர் சவரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதையின் நடுவில் நீங்களே, “இவன் சரியான கழுதை!” என்று சொல்லத்தான் போகிறீர்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. தோப்பில் குடில் கட்ட முடிவானது. ஓலையில் கூரை போட்டோம். கொக்கு களிமண்ணில் ஒரு குழந்தை இயேசுவைச் செய்தது. மூக்குதான் கொஞ்சம் நீளம்.

“குடிலுக்கு யாரு பொறுப்பு?” என்று பசு கேட்டது.

“இதென்ன கேள்வி? மாதாவைச் சுமந்துக்கிட்டு பெத்லகேம் போனது எங்க பரம்பரை! நான்தான் பொறுப்பு!” என்றேன்.

என் பரம்பரை சுமந்ததெல்லாம் அழுக்குமூட்டைதான். அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பாவம், யாரும் மறுத்துப் பேசவில்லை.

பொறுப்பு வந்ததும் என் நடையே மாறிவிட்டது. தோப்பில் இருந்த காய்ந்த வைக்கோல் முழுவதையும் குடிலில் அடுக்கினேன். பசி தாங்காமல் பசு ஒரு வாய் இழுத்தது. “பாலனுக்கு வச்சதைத் திங்கிறியா?” என்று கத்தி விரட்டினேன். விரட்டிய கையோடு, அன்பைப் பற்றி அதற்கு அரை மணி நேரம் பிரசங்கமும் செய்தேன்.

என் மனைவி அமலி நிறைமாதமாக இருந்தாள். தோப்பின் மறுகோடியில் ஒரு மரத்தடியில் படுத்திருந்தாள். “என்னங்க, இன்னைக்குக் கொஞ்சம் பக்கத்துல இருங்களேன்” என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் கேட்டாள்.

“குடில்ல எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா?” என்றேன். என்ன வேலை? நிற்பதுதான் வேலை!

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் குடிலுக்குள் வைக்கோல்மேல் சுகமாக நின்றேன். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது வெள்ளாடு நனைந்தபடி ஓடிவந்தது.

“சவரி அண்ணே! அண்ணிக்கு வலி கண்டிருச்சு! கீழே ஒரே சேறு. கொஞ்சம் வைக்கோல் குடுங்க!”

“வைக்கோலா? அது பாலனுக்கு!”

“எந்தப் பாலனுக்கு?”

“இதோ, இந்தப் பாலனுக்கு!”

“அது மண்ணுண்ணே! அதுக்குக் குளிராது! அங்க வரப்போறது உங்க பிள்ளை. சேத்துல விழுந்தா விறைச்சுச் செத்துப்போகும்!”

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குடிலைக் கலைச்சா நாளைக்கு எல்லாரும் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்றேன். இப்போது சொல்லவே நாக்கூசுகிறது.

வெள்ளாடு என்னை ஒரு பார்வை பார்த்தது. “வைக்கோல் நானாக் கேட்டதுண்ணே. அண்ணி உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

நெஞ்சில் ஓர் உதை விழுந்தது. உதைப்பது எங்கள் தொழில். நான் வாங்கியது அன்றுதான் முதல் தடவை.

கூரை ஓலையைப் பிய்த்து வைக்கோலை மூடி இழுத்துக்கொண்டு ஓடினோம். நான் விரட்டியடித்த பசுவும் வந்து ஒரு பக்கம் கவ்வி இழுத்தது. வழியில் ஒரு துரும்புகூடத் தின்னவில்லை.

அமலி சேற்றில் துடித்துக்கொண்டிருந்தாள்.

“அமலி, மன்னிச்சிரு! நான் ஒரு முழு மடையன்!”

“அது எனக்குத் தெரிஞ்சதுதானே! மன்னிப்பெல்லாம் அப்புறம்! சாரல் அடிக்கிற பக்கம் வந்து நில்லுங்க!”

நின்றேன். வைக்கோல்மேல் குட்டி விழுந்தது. அது அசையவே இல்லை. அமலி விடாமல் நக்கித் துவட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஒரு காது ஆடியது. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது.

மறுநாள் காலையில் குடில் இருந்த இடத்தில் மழையில் கரைந்த களிமண் குவியல்தான் கிடந்தது. கொக்குக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். எல்லோரும் எங்கள் மரத்தடிக்கு வந்து குட்டியைக் கொஞ்சினார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாரல் பக்கமே முதுகைக் காட்டி, வால் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன்.

“என்னங்க, மழை எப்பவோ நின்னுருச்சு” என்றாள் அமலி. “வந்து பிள்ளை பக்கத்துல படுங்க!”

அன்பை அலங்கரித்து வைத்துக் காவல் காப்பதல்ல, அது தேவைப்படும் சொந்தத்தின் பக்கத்தில் போய் நிற்பதே கிறிஸ்துமஸ்.