அடி கலக்கி ஊற்றுகிறவர்

மலையடிவாரத்தில் ஒரு மடம். வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் மத்தியானத்துக்கு இலை போடுகிற மடம். நடத்தியவர் பெயர் உலகம்மை. வயது நாற்பத்தைந்துதான். அவரைவிடப் பதினேழு வயது மூத்த ஆவுடைநாயகம் அவரைத்தான் குரு என்று கும்பிட்டார். அவர் இவரை அம்மை என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார்.

ஆவுடைநாயகத்துக்கு அங்கே ஒரே வேலை, சாம்பார் வாளி. முப்பது வருஷமாக அந்த வாளியை இன்னொருவர் கையில் அவர் கொடுத்ததில்லை. அதைத்தான் அம்மை பிடுங்கி வைத்துவிட்டார். அதுவும் குருபூஜைக்கு இரண்டே நாள் இருக்கும்போது! மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

"நான் என்ன தப்பு செஞ்சேன் அம்மை? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"இன்னைக்குப் பந்தியில விழுந்தீங்க."

விழுந்தது உண்மைதான். வேர்த்துக் கொட்டி, கை வெடவெடவென்று நடுங்கி, கொதிக்கிற வாளியோடு சரிந்தார். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சட்டென்று ஒதுங்கினாள், பிழைத்தாள். அம்மை ஓடிவந்து சீனித் தண்ணீர் குடிக்க வைத்தார். பத்து நிமிஷத்தில் தெளிந்தது. ஒரு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"விழுந்தேன், சரி. என் குத்தமா அது?" ஆவுடைநாயகம் குரல் மடம் முழுக்கக் கேட்டது. "காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. ஒரு வேளை தப்பினது உண்டா? காலையில போட்ட ஊசி மத்தியானம் முழு மூச்சா வேலை செய்யும், சாப்பாட்டைத் தள்ளாதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாவ. பரிமாறுதவன் கடைசியிலதான் சாப்பிடணும்ங்கது இங்க வழக்கம். அதையும் விட்டேன். வெக்கத்தை விட்டு மொதப் பந்தியில உக்காந்து தின்னேன். ஒரே எடத்துல குத்தாதீங்கன்னாவ, மாத்தி மாத்திக் குத்துதேன். இன்னும் என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அப்போ யாரு குத்தம்?"

"அந்த ஜெபக்கனி குத்தம்!"

ஜெபக்கனி ஊர் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் நர்ஸ்.

"புதுப் பாட்டில் தொறந்தா நாலஞ்சு நாளைக்குச் சர்க்கரை முந்நூறு, நானூறுன்னு ஏறுது. பாட்டில் தீரப்போற நாள்ல என்னைக் கீழ தள்ளுது. ஒரே மருந்து, ஒரே அளவு! இது எங்கயாவது அடுக்குமா? ஓசி மருந்துதானேன்னு தண்ணியக் கலக்குதா. வெயில் தாழ்ந்ததும் நேரா அங்க போயி, அத்தனை பேரு முன்னாலயும் கேட்டுட்டேன். கள்ளின்னே சொல்லிட்டேன்!"

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் புதுப் பாட்டிலை எடுத்து நீட்டினா. குத்தமுள்ள நெஞ்சு."

ஆவுடைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனி எனக்கு ஊசியே வேண்டாம் அம்மை. ஊசி இல்லைன்னா மயக்கமும் இல்ல. நாளை மறுநாள் வாளியைக் கையில குடுங்க."

அம்மை அவருடைய இடது பாதத்தைப் பார்த்தார். அதில் இரண்டு விரல் இல்லை. ஊசி போடாமல் மாத்திரையோடு மல்லுக்கட்டிய காலத்தில் போன விரல்கள் அவை. இரண்டு காலிலுமாக மிச்சம் எட்டு. இனிமேல் போனால் விரலோடு நிற்காது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஆவுடைநாயகமும் தன் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக் காலையில ஒரே ஒரு ஊசி மட்டும் போடுங்க," என்றார் அம்மை. "எனக்காக. நான் பாக்கணும்."

மறுநாள் காலை அம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆவுடைநாயகம் பயபக்தியோடு புதுப் பாட்டிலை எடுத்தார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, மேலே கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. பாட்டிலைப் பூப்போல மெல்லச் சாய்த்து, தெளிந்ததை ஊசியில் இழுத்தார்.

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு மெதுவா?"

"குலுக்கக் கூடாதுன்னு ஜெபக்கனி சொல்லியிருக்கா. நான் அசைக்கவே மாட்டேன். தீரப்போற சமயத்துலதான் வேற வழியில்லாமக் கவுத்துப் பிடிப்பேன்." சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சொன்ன சொல்லு தட்டாதவன் நான். இன்னும் என் மேலதானே சந்தேகம் உங்களுக்கு!"

ஊசி போட்டு முடிந்ததும் அம்மை பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மருத்துவமனைப் பக்கம் நடந்தார். போய் வந்தபோது மணி பத்து. ஊற்றி வைத்த சாம்பார் வாளியை யாரும் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் முதல் பந்தி. மடத்து வேலையாட்கள் ஆறு பேருக்கு ஒரு வரிசையில் இலை போட்டிருந்தது. முதல் இலை ஆவுடைநாயகத்துக்கு. வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மையே வந்தார். இத்தனை வருஷத்தில் அம்மை வாளி தூக்கி யாரும் பார்த்ததில்லை.

கரண்டியை நுனியில் பிடித்து, மேலாக மொண்டு, ஆவுடைநாயகத்தின் சோற்றில் ஊற்றினார். மஞ்சள் தண்ணீராக ஓடியது. இலையின் ஓரத்தைத் தாண்டித் தரையில் வழிந்தது.

ஆவுடைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டார். குரு ஆயிற்றே.

இரண்டாவது இலையிலும் தண்ணீர். மூன்றாவதிலும் தண்ணீர். நாலாவதில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு தலைகாட்டியது. கடைசி இலையில் அம்மை வாளியையே கவிழ்த்தார். பருப்பும் காயுமாகக் களி போலப் பொத்தென்று விழுந்தது. அந்த இலைக்காரர், அடுப்படி மாடசாமி, சோறு எது சாம்பார் எது என்று தெரியாமல் விழித்தார்.

அவ்வளவுதான். ஆவுடைநாயகம் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"நல்லாருக்கு அம்மை, ரொம்ப நல்லாருக்கு! மொத இலைக்கு மஞ்சத்தண்ணி, கடைசி இலைக்குக் களிமண்ணு! இதுக்குப் பேரு பரிமாறுததா? ஒரு மனுஷன் வயித்தெரிச்சலோட எந்திரிப்பான், இன்னொருத்தன் வயிறு வெடிச்சு எந்திரிப்பான்! மடத்து மானம் போகுது!"

"வாளியில ஏதும் கோளாறா அண்ணாச்சி?"

"வாளி என்ன செய்யும் பாவம்!"

"அப்போ மாடசாமி பருப்புல தண்ணியக் கலந்துட்டாரோ?"

"அவரை ஏன் இழுக்கீங்க? அவரு காலையில வச்சது நல்ல சாம்பாரு, நான் மோந்து பாத்தேன். ஊத்துன கையிலதான் குத்தம். அடியில கரண்டியை விட்டு, கலக்கி, கலக்கி ஊத்தணும். இது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

அம்மை வாளியைக் கீழே வைத்தார். முந்தானையில் முடிந்திருந்த ஒரு சின்னப் பாட்டிலை அவிழ்த்து, அவர் இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காலையில் அவர் சாய்த்து எடுத்த அதே பாட்டில். அடியில் வெள்ளை. மேலே தெளிந்த தண்ணீர்.

ஆவுடைநாயகம் பாட்டிலைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். வரிசைக் கடைசியில் மாடசாமியின் இலையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

அவருக்குள் இருந்த கோபம் போக இடம் தெரியாமல் கடைசியாக ஒரு மூலையைப் பிடித்தது.

"குலுக்கக் கூடாதுன்னுதானே ஜெபக்கனி சொன்னா, அம்மை? அவதானே சொன்னா?"

"முப்பது வருஷமா சாம்பாரைக் குலுக்கியா ஊத்தினீங்க, அண்ணாச்சி?"

மாடசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

அம்மை பாட்டிலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் படுக்க வைத்தார். குலுக்கவில்லை. மெதுவாக முன்னும் பின்னும் உருட்டினார். அடியில் கிடந்த வெள்ளை எழும்பிப் பரவி, பாட்டில் முழுக்க ஒரே பாலாயிற்று. "போடுததுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் இப்படின்னு இன்னைக்கு ஜெபக்கனி காட்டிக் குடுத்தா. சாப்பிட்டுட்டு அவகிட்ட ஒரு எட்டு போயி வாங்க. இனி கலக்கிப் போட்டா அளவு என்னன்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லுவா. அதைக் கேக்காம ராத்திரி ஊசி போடாதீங்க."

ஆவுடைநாயகம் தலை நிமிரவில்லை.

"நான் எப்படிப் போவேன்? அத்தனை பேரு முன்னால அந்தப் பிள்ளையக் கள்ளின்னுட்டேனே. கண்ணைத் தொடச்சுக்கிட்டுல்லா மருந்து குடுத்தா! எந்த மொகத்தோட போயி நிக்க?"

அடுப்படியிலிருந்து வேறு வாளி வந்தது. அம்மை அடியில் கரண்டியை விட்டு நன்றாகக் கலக்கி, அவர் சோற்றில் ஊற்றினார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இலையை மடித்து அவர் எழுந்தபோது, கரண்டியோடு வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குக் குருபூஜைக்கு ஜெபக்கனியை வரச் சொல்லியிருக்கேன். நீங்க மொதப் பந்தியில சாப்பிட்டிருங்க. அவ ரெண்டாம் பந்தியில உக்காருவா. அவ இலைக்கு நீங்கதான் ஊத்தணும், அண்ணாச்சி."