மூடியைத் தொலைத்த பவுடர் டப்பா

ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. பவுடர் தீர்ந்த பிறகும் தெய்வானை அதை எறியவில்லை. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அவளுக்குக் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் சொன்ன அன்று, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதற்குள் கொட்டி மூடினாள். அறையில் இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். தெரிந்தால் விடுதியும் வேலையும் போய்விடும் என்று பயந்தாள்.

டப்பாவுக்கு ஒரே பெருமை. "டிரங்குப் பெட்டிக்குக்கூடப் பூட்டு வேணும். எனக்கு என் மூடி போதும்" என்றது.

மாத்திரைகளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அட்டையில் இருந்தவரை, குழி காலியாகாவிட்டால் அன்றைக்கு வேலை நடக்கவில்லை என்று தெரிந்துவிடும். இங்கே எல்லாரும் ஒரே குவியல். ஒரு நாள் தவறினாலும் எதிரி மூச்சு விட்டுக்கொள்வான் என்று அவை முனகின. டப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. தெய்வானைக்குக் கன்னம் பூசினாற்போல் ஆனது. அறையில் யாராவது இருந்தால் டப்பாவைத் திறக்கமாட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை விடுதியிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வந்தபின் ஒரு நாள் விழுங்கினாள், இரண்டு நாள் மறந்தாள்.

அவள் நெஞ்சுக்குள் இருந்த கிருமி சும்மா இருக்கவில்லை. மாத்திரை வந்த நாட்களில் அதன் சொந்தங்கள் செத்தன. தப்பிப் பிழைத்தவை, வராத நாட்களில் பெருகின. பங்குனியில் இருமல் திரும்பியது. தெய்வானை பதறிப்போய் மாத்திரையை விழுங்கினாள்.

கிருமி அதை வாசலில் வந்து வரவேற்றது. "வாங்க. உங்க அடி எங்கே விழும், எப்படி விழும்னு எனக்கு மனப்பாடம். உட்காருங்க." பிறகு டப்பாவைக் கூப்பிட்டது. "டப்பாண்ணே, நீங்க மூடி வைக்கலைன்னா நான் இவ்வளவு படிச்சிருக்க முடியாது."



பழைய மாத்திரைக்குக் கிருமி இனிக் கட்டுப்படாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் யார் என்று நர்ஸ் கேட்டபோது, மாமா வீட்டில் தனி அறையில் இருப்பதாகச் சொன்னாள். கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு எடுத்து மருத்துவமனையில் தங்கினாள். புது மருந்து அவளைப் புரட்டி எடுத்தது. வாந்தி வந்தது, பாதம் மரத்துப்போனது. ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை. மாதங்கள் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. வேலைக்குப் போகலாம், மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர்.

விடுதிக்குத் திரும்பியவள் புது மாத்திரைகளையும் டப்பாவில் கொட்டி மூடினாள். அப்போது அடுத்த பாயில் இருந்த பேச்சியம்மாள் இருமினாள். பிறகும் இருமினாள்.

தெய்வானையின் நெஞ்சில் ஒரு மூலையில் ஒண்டிக்கிடந்த கிருமி மெலிந்த குரலில் சிரித்தது. "கேட்டீங்களாண்ணே? அது என் பிள்ளை. நான் கஷ்டப்பட்டுப் படிச்சதெல்லாம் அதுக்குப் பிறவியிலேயே தெரியும். இவ வாய் திறக்கமாட்டா, நீங்களும் திறக்கமாட்டீங்க. அறையில மிச்சப்பேரை அது பார்த்துக்கும்."

அதுவரை கிரீடம்போல இருந்த மூடி, டப்பாவுக்கு இப்போது வாயைப் பொத்திய கையாகக் கனத்தது.

"திறப்பேன்" என்றது டப்பா.

"எந்தக் கையால?" என்றது கிருமி.

டப்பாவுக்குக் கை இல்லைதான். தெய்வானைக்கு இருந்தது. அந்த இருமல் அவள் காதிலும் விழுந்திருந்தது. மறுநாள் காலை முழுவதும் தையல் கோணிக்கொண்டே போனது. மதியம் டப்பாவோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடி நழுவி, உருண்டு, பெஞ்சுகளுக்கு அடியில் போய் மறைந்தது. அவள் குனிந்து தேடவில்லை.

"எனக்கு வந்தது காமாலை இல்ல, டி.பி. பாதியில விட்டதால மருந்துக்கு அடங்காத டி.பி. ஆயிடுச்சு. இப்ப என்கிட்டேருந்து பரவாது. முன்னாடி பரவியிருக்கலாம். என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஆனா என் அறையில இருக்கிற எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும். எடுக்கிற வரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன்."

சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் அன்றைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். வார்டன் மேனேஜரிடம் சொல்லப்போவதாக எழுந்தார். பேச்சியம்மாள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துப் பாய்லதானே யக்கா கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"தப்புதான், பேச்சி."

பேச்சியம்மாள் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை. "காலைல எத்தன மணிக்கு டெஸ்டுக்குப் போவணும்?" என்று கேட்டாள்.

அவள் நெஞ்சுக்குள் இருந்த குட்டிக் கிருமி முதல்முறையாகப் பயந்தது. மாத்திரை வந்தால் என்ன செய்வது என்று தெரியும், இவர்கள் பேசிக்கொண்டால் என்ன செய்வது என்று தாயைக் கேட்டது.

தாய்க்கு அது தெரியாது. அதுவரை யாரும் பேசியதில்லை.