ஏழாம் மாடிக்கான மூச்சு

தீயணைப்போர் பயிற்சி நிலையம் ஒன்றில் உலகம்மை என்னும் பயிற்றுநர் இருந்தார். மூச்சை அளப்பது அவர் பணி. மார்பில் பட்டை கட்டி இதயத் துடிப்பைப் பார்ப்பார். ஒருவர் உடல் எவ்வளவு காற்றை வாங்கி எவ்வளவு நேரம் உழைக்கும் என்று கணிப்பார்.

முதலில் பனியனோடு ஓடவிடுவார். பிறகு தீக்காப்பு அங்கி, தலைக்கவசம், முகமூடி, முதுகில் காற்று உருளை என எல்லாவற்றையும் அணிவித்துப் படி ஏறவிடுவார். இந்த இரண்டாம் கணக்கையே அவர் நம்புவார். வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே விடாத அந்த அங்கி, உடலில் எழும் வெப்பத்தையும் வெளியே விடாது. அதற்குள் புகுந்தால் எவர் மூச்சும் சுருங்கிவிடும்.

அவரிடம் தெய்வச்சிலை என்னும் தீயணைப்பு வீரர் வந்து சேர்ந்தார். அவர் பயிற்றுநரைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டாண்டுகளாகத் தம் தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தார். மீட்புக் குழுவுக்குத் திரும்பவேண்டும் என்பது ஒன்றே அவர் விண்ணப்பம். அதற்கு உலகம்மையின் கையெழுத்து வேண்டும்.

பத்து வாரம் அவர் தவம்போலப் பயின்றார். விடிந்ததும் அங்கியை அணிந்தால் வெயில் ஏறும்வரை கழற்றமாட்டார்.

உடன் பயின்ற ராயப்பன் ஒருநாள் சிரித்தான். "அண்ணாச்சி, கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு ஆசையாச் சட்டை போடமாட்டான்."

"அவனுக்குப் பொண்ணு காத்திருக்கு," என்றார் தெய்வச்சிலை. "எனக்கு..." என்று நிறுத்தி முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டார்.

சோதனை நாள் வந்தது. பயிற்சிக் கோபுரத்துக்கு ஏழு மாடி. தோளில் தண்ணீர்க் குழாய்ச் சுருள் ஒன்றைச் சுமந்து ஏறவேண்டும். சோதனைக்கென்று உருளையில் குறைந்த காற்றே அடைத்திருந்தார்கள். அது கால் பங்காகக் குறைந்ததும் உருளையில் பொருத்திய விசில் தானாக ஒலிக்கும். ஒலித்ததும் திரும்பவேண்டும் என்பது அங்கே எல்லோரும் முதல் நாளே கற்கும் விதி.

"முடிஞ்ச மட்டும் ஏறுங்க, அண்ணாச்சி," என்றார் உலகம்மை. "அப்புறம் கீழே வாங்க."

ஐந்தாம் மாடியில் விசில் ஒலித்தது. தெய்வச்சிலை திரும்பவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. முகமூடிக்குள் அவர் மூச்சே கொல்லன் துருத்தியாய் இரைந்தது. தாகித்தவன் ஊற்றை நோக்கி நடப்பதுபோல் நடந்து, ஏழாம் மாடிச் சுவரைத் தொட்டார். அந்தப் பயிற்சிப் பிரிவில் வேறொருவரும் அதைத் தொட்டதில்லை.

இறங்கும் வழியில் காற்று தீர்ந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்து, படியில் அமர்ந்து, வெறுங்காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார். பிறகு எழுந்து கீழே வந்தார். ராயப்பன் கைதட்டினான்.

உலகம்மை துடிப்புக் கணக்கைப் பார்த்தார். "நல்ல மூச்சு. இந்தப் பிரிவிலேயே நல்ல மூச்சு உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

"கையெழுத்து, மேடம்?"

"முகமூடியை எங்க கழட்டினீங்க?"

"மூணாவது மாடியில."

"அப்ப நிஜத் தீயில உங்களைத் தூக்கிட்டு வர ரெண்டு பேரை மூணாவது மாடிக்கு அனுப்பணும், அண்ணாச்சி. அவங்களுக்கும் ஆளுக்கு ஒரு உருளைதான்."

தெய்வச்சிலை கோபுரத்தின் அடிப்படியில் அமர்ந்தார்.

"விசில் அடிச்சாத் திரும்பணும்னு எனக்குத் தெரியும், மேடம். திரும்பினவன் நான். ரெண்டு வருசத்துக்கு முன்னால, ஒரு துணிக் கிடங்கு. உள்ள ஒரே புகை. கடைசி அறைக் கதவை உள்ளேருந்து யாரோ தட்டினாங்க. பத்து அடி எடுத்து வைச்சாக் கதவு. விசில் அடிச்சுது. திரும்பிட்டேன். அடுத்த ஆட்கள் போகையில தட்டுற சத்தம் இல்லை."

உலகம்மை அவர் அருகில் அமர்ந்தார். அங்கியின் கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தாமே விடுவித்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் திறந்ததுபோல் உள்ளிருந்து ஆவி எழுந்தது.

"அன்னைக்கு இன்னும் நாலு நிமிசம் மூச்சு இருந்திருந்தா..." என்றார் தெய்வச்சிலை. "அந்த நாலு நிமிசத்துக்குத்தான் இந்தப் பத்து வாரமும். மூச்சை அளக்கிறவங்க நீங்க. எவ்வளவு சேர்த்தா அந்தக் கதவுகிட்டப் போய்ச் சேருவேன்? அதை மட்டும் சொல்லுங்க."

"அந்தக் கதவுக்குக் கணக்கு இல்லை, அண்ணாச்சி. நாலு நிமிசம் கொண்டுபோனா எட்டுக் கேட்கும்."

"அப்ப இந்தச் சத்தத்தை நான் என்ன செய்ய? போன் எடுக்கையில கேட்குது. சோத்துல கை வைக்கையில கேட்குது. கோயில்ல கண்ணை மூடினாலும் அதுதான்."

உலகம்மை அவர் தோளிலிருந்து அங்கியை உருவி, வெயிலில் விரித்துப் போட்டார்.

"கேட்கட்டும். அது கேட்காத ஆளை நான் உள்ளே அனுப்புறதில்லை. வியாழக்கிழமை மறுபடி வாங்க. அந்தச் சத்தத்தையும் சுமந்துக்கிட்டுக் கீழே வந்து சேர எவ்வளவு மூச்சு வேணுமோ, அவ்வளவை மீதி வைச்சுக்கிட்டு ஏறுங்க."