சனிக்கிழமை இரும்பு வாங்காத கோலப்பன்

விமான நிலையத்துல காலையில ஆறு மணி. பெட்டி மூணு. ஆளு ஒண்ணு, பேரு கோலப்பன். போர்வைய இழுத்துக்கோ, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு தச்சன் இருந்தான்னு ஆரம்பிக்கலாம்னு பாத்தா, அவன் அந்த ஊர்ல இல்ல. அதான் கதையே. நாகர்கோவில்ல இருந்து கிளம்பி, கடல் தாண்டி, ஆடு ஜாஸ்தி ஆளு கம்மின்னு சொல்ற நியூசிலாந்துல வந்து இறங்கினான். அவன் பொண்டாட்டி பகவதி அங்க டுனேடின்னு ஒரு ஊர்ல, ஆஸ்பத்திரியில நர்ஸ். அவ ஒரு வருஷம் முன்னாடியே போயிட்டா. இவன் பின்னாடி போனான். ம் சொல்லு.

"ம்."

மூணு பெட்டியில ஒண்ணுல துணி. ஒண்ணுல அவன் அம்மா கட்டிக் குடுத்த பப்படம். மூணாவதுல அவன் உளி, மரம் சீவுற இழைப்புளி, ரம்பம், எல்லாம். ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, பொரி தூவி, செவ்வந்திப்பூ சொருகி கும்பிட்டானா, அப்படியே மூடி வெச்சத, கிளம்பறப்ப எடுத்துட்டு வந்துட்டான். விமான நிலையத்துல சோதனை பண்ற ஒரு அம்மா பெட்டியத் திறந்து பாத்துச்சு. இழைப்புளி வாய்க்குள்ள நாலு மாசத்துப் பொரி. கைப்பிடியில செல்லு அரிச்ச ஓட்டை. பூ காஞ்சு கருவாடாக் கிடக்கு.

"இது என்ன விதை?" அப்படின்னுச்சு அந்த அம்மா.

"விதை இல்ல மேடம், பிரசாதம்," அப்படின்னான் இவன்.

அந்த நாட்டுக்குள்ள புழு பூச்சி எதுவும் வரக்கூடாது. பிரசாதமா இருந்தாலும் வரக்கூடாது. டபக்குனு பெட்டிய மூடி, வந்த வழியே நாகர்கோவிலுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. பப்படத்த மட்டும் விட்டுட்டாங்க. பப்படத்த வெச்சு மரம் அறுக்க முடியுமா?

"ம்ஹூம்."

அப்புறம், டுனேடின்ல ஃபிரேசர்னு ஒருத்தருக்கு மரப்பட்டறை இருந்துச்சு. பழைய காலத்துப் பள்ளிக்கூடம், சர்ச்சு, இதுங்களோட ஜன்னலை எல்லாம் கையாலயே செப்பனிடுற பட்டறை. கோலப்பன் போய் வேலை கேட்டான். ஃபிரேசர் அவன் உள்ளங்கையத் திருப்பிப் பாத்தார்.

"கை நல்லா இருக்கு. கருவி எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு," அப்படின்னான் கோலப்பன்.

"இங்க அவங்கவங்க சொந்தக் கருவிதான். கருவியோட அடுத்த திங்கக்கிழமை வா. ஒரு ஜன்னல் தர்றேன், செஞ்சு காட்டு. பிடிச்சா வேலை. இல்லன்னா கை குலுக்கிட்டுப் போயிடலாம்."

இந்த வேலை கிடைக்கலன்னா என்ன ஆகும் தெரியுமா? பகவதிக்கு ஒரு தம்பி, தாணு. அவன் ஆக்லாந்துல மளிகைக் கடை வெச்சிருக்கான். அது டுனேடின்ல இருந்து ரொம்ப தூரம், விமானத்துலதான் போகணும். பொண்டாட்டிய விட்டுட்டு, மச்சினன் கடையில போய் அரிசி மூட்டை அடுக்கணும். தாணு தினமும் போன் பண்ணுவான்.

"அத்தான், மூட்டை எல்லாம் உங்களத்தான் கேக்கு. எப்ப வாறீங்க?"

"வைடே போன," அப்படிம்பான் கோலப்பன். கோலப்பனுக்கு எதுவேணா பொறுக்கும், மச்சினன் "அத்தான், அந்த மூட்டைய இப்படி நகத்துங்க"ன்னு சொல்றது மட்டும் பொறுக்காது.

அப்போ கடை தேடிக் கிளம்பினான்.

முதல் கடை இருக்கே, கல்யாண மண்டபம் நாலச் சேத்து வெச்ச மாதிரி. உள்ள நடந்து நடந்து கால் வலிக்குது, இன்னும் உளி இருக்கற இடம் வரல. கடைசியில மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட உளி ஒண்ணு கிடைச்சுது. பளபளன்னு இருக்கு. வாங்கிட்டு வந்து, வீட்டுப் பின்னாடி ஒரு கட்டையில வெச்சு சுத்தியலால ஒரு போடு போட்டான். டங்! எடுத்துப் பாத்தா, உளி முனை பப்படம் பொரிச்ச மாதிரி சுருண்டு நிக்குது.

எடுத்துட்டுத் திரும்பக் கடைக்கே ஓடினான். அங்க நின்ன பையன் பாத்தான். "ஐயோ, இத மரத்துலயா வெச்சீங்க?"

"பின்ன?"

"எல்லாரும் இத பெயின்ட் டப்பா மூடி திறக்கத்தான் சார் வாங்குவாங்க."

"ஹி ஹி."

சிரி, சிரி. அப்புறம் ரெண்டாவது கடை. அது சின்னக் கடை. கதவத் திறந்தா கிணிங்னு மணி. உள்ள மெல்லிசா பாட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, பட்டுத் துணி விரிச்சு, அது மேல உளி படுத்திருக்கு, நகைக்கடை ஆரம் மாதிரி. கடைக்காரர் கையுறை போட்டு ஒண்ண எடுத்துக் காட்டினார். கோலப்பன் விரலால முனையத் தொட்டுப் பாத்தான். ஆகா, இரும்புன்னா அது இரும்பு.

"இத கொட்டாப்புளியால அடிக்கலாமா?" அப்படின்னு கேட்டான். கொட்டாப்புளின்னா மரச் சுத்தியல். கையால ஓங்கிக் காட்டினான்.

கடைக்காரர் உளிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். "அடிக்கவா? எதுக்கு? இத வாங்கறவங்க சுவத்துல மாட்டி வெச்சுப் பாப்பாங்க. அதுவும் இப்ப கிடையாது, பேரு எழுதிக் குடுத்தா கப்பல்ல வரும். அடுத்த குளிர்காலத்துக்கு."

கோலப்பன் முகம் தொங்கிப் போச்சு. வாசல் வரைக்கும் வந்துட்டான். அப்போ அந்தக் கடைக்காரரே பின்னாடி வந்து, கெட்ட வார்த்தை சொல்ற மாதிரி காதோரமா, "அடிக்கத்தான் வேணும்னா டோரீன் வீட்டுக்குப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," அப்படின்னார்.

தூங்கிட்டியா?

"இல்ல. டோரீன் யாரு?"

டோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுற பொம்பள. ஆளு ஓங்குதாங்கா இருப்பா. செத்துப் போன தச்சன் வீடு, மூடின பட்டறை, எங்க கிடந்தாலும் பழைய கருவிய மொத்தமா வாங்கி, தன் வீட்டு கார் கொட்டகையில கொட்டி வெச்சு விப்பா. காவலுக்கு ரெண்டு வாத்து. நம்ம ஊரு வாத்து இல்ல, பெரிய வாத்து, கழுத்து மட்டும் உன் கை நீளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலப்பன் அங்க போனான். வாத்து ரெண்டும் குவேங் குவேங்னு கத்திட்டு வந்துச்சு. அவன் கொட்டகை ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். பாத்தவன் அப்படியே நின்னுட்டான். வரிசையா உளி. கனமா, கருப்பா, பட்டையா. ரம்பம் தொங்குது. இழைப்புளி நாய்க்குட்டி மாதிரி வரிசையா உக்காந்திருக்கு. வாயில எச்சி ஊறிடுச்சு அவனுக்கு.

டோரீன் வெளிய வந்தா. "போர்டு பாத்தியா? சனிக்கிழமை மட்டும். எட்டுல இருந்து பன்னெண்டு."

"இப்பவே வாங்கிக்கறேனே."

"இன்னைக்கு வெள்ளி."

"அதுக்குத்தான் இன்னைக்கே கேக்கறேன். நாளைக்கு என்னால வாங்க முடியாது."

"ஏன்?"

"நாளைக்கு சனி."

"அதத்தானப்பா நானும் போர்டுல எழுதியிருக்கேன்!"

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை நான் தூங்குவேன்," அப்படின்னுட்டு வாத்தப் பாத்து விசிலடிச்சா. கோலப்பன் தெருமுனை வரைக்கும் ஓடினான், தடதடதடன்னு.

அவனுக்கு என்ன பிரச்னைன்னா, சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. வாங்கினா இரும்போட சனீஸ்வரனும் வீட்டுக்கு வந்து உக்காந்துக்குவார்னு அவங்க வீட்டுல நம்பிக்கை. பொறந்ததுல இருந்து கோலப்பன் சனிக்கிழமை ஒரு குண்டூசி வாங்கினது கிடையாது. ஒரு சனிக்கிழமை சட்டைப் பொத்தான் அறுந்து போச்சு. ஊசி வாங்க மாட்டேன்னுட்டு நாள் பூரா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சான். பாத்தவங்க எல்லாம் மாரடைப்புன்னு நினைச்சாங்க.

வீட்டுக்கு வந்து பகவதிகிட்ட சொன்னான். அவ சோறு போட்டுக்கிட்டே கேட்டா. "இஞ்சேருங்க, எனக்கு விசா வாங்க எத்தன நாளாச்சு? சனீஸ்வரனுக்கு யாரு குடுத்தா விசா?"

"வெளையாடாதட்டீ. திங்கக்கிழமை கருவியோட போவணும்."

"அப்ப ஒண்ணு செய்யலாம். இங்க சனிக்கிழமை விடிஞ்சாலும் நாகர்கோவில்ல வெள்ளிதான். சனீஸ்வரன் நம்ம ஊர்க்காரரு, அந்த ஊரு கடிகாரந்தான் பாப்பாரு."

"எவ்வளவு நேரம் வித்தியாசம்?"

"ஏழரை மணி நேரம்."

ஏழரைன்னு கேட்டதும் கோலப்பன் சோத்துத் தட்டத் தள்ளி வெச்சான். ஏழரைன்னாலே சனியோட கணக்காச்சே! ஆனா வேற வழி இல்ல. காலையில ஏழரைக்கு முன்னாடி வாங்கிட்டா, நாகர்கோவில்ல மணி பன்னெண்டு அடிச்சிருக்காது. வெள்ளிக்கிழமைக் கணக்குல போயிடும்.

அப்போ மறுநாள் விடிஞ்சதும் ரெண்டு பேரும் போய் நின்னாங்க. டொக் டொக் டொக். டோரீன் நைட்டியோட ஜன்னலத் திறந்தா.

"எட்டு மணி!" படார்னு மூடிட்டா.

கோலப்பன் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கறான். டிக் டிக் டிக். ஏழரை ஆச்சு. "போச்சு," அப்படின்னான். "ஊர்ல சனி பொறந்துட்டு."

எட்டு மணிக்கு கிரீச்னு கொட்டகைக் கதவு திறந்துச்சு. உள்ள போனான். எதையும் தொடல, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு உளிக்கு உளி நின்னு பாக்கறான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி. அப்போ தாடிக்காரன் ஒருத்தன் உள்ள வந்து, கோலப்பன் கண்ணு வெச்சிருந்த பெரிய உளிய எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்தான்.

கோலப்பனுக்கு உயிரே போச்சு. போன எடுத்து அம்மாவுக்கு அடிச்சான். அங்க நடுராத்திரி தாண்டிடுச்சு. அம்மா எடுத்ததும் முதல் கேள்வி, "யாருலே போயிட்டா?"

"யாரும் போவலம்மா. இரும்பு வாங்கணும். மணி பன்னெண்டு தாண்டிட்டு. இப்ப வெள்ளியா, சனியா?"

"எலேய், ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பன்னெண்டு அடிச்சா நாளு மாறதுக்கு இது என்ன ரயிலாடே? சூரியன் வந்தாத்தான் அடுத்த நாளு. இங்க இன்னும் விடியல. வெள்ளிதான். வாங்கித் தொல!"

கோலப்பன் குதிச்சான் பாரு! தாடிக்காரன் பயந்து போய் உளியக் கீழ வெச்சுட்டான். இவன் லபக்னு எடுத்துக்கிட்டான். ரம்பம் எடுத்தான், இழைப்புளி எடுத்தான், சின்ன உளி எடுத்தான். எல்லாத்தையும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு டோரீன் முன்னாடி நின்னான். அப்போ போன்ல இருந்து அம்மா குரல், "மக்ளே, வெள்ளிக்கிழமை மட்டும் கையில இருந்து காசு வெளிய குடுத்திராத. வீட்டு லச்சுமி எறங்கிப் போயிருவா." டொக்னு வெச்சுட்டாங்க.

இத அவன் மறந்தே போயிட்டான். இப்ப என்ன பண்ணுவான்? சனின்னா இரும்பு வாங்க முடியாது. வெள்ளின்னா காசு குடுக்க முடியாது. கருவிய கீழ வைக்கவும் மனசில்ல, பையில கை விடவும் பயம். தாடிக்காரன் பக்கத்துலயே நிக்கறான், இவன் எப்ப கீழ வைப்பான்னு.

"என்ன, வாங்கறியா இல்லியா?" அப்படின்னா டோரீன்.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

பகவதி ஒரு பெருமூச்சு விட்டா. கைப்பையத் திறந்தா. "இஞ்சேருங்க. நீங்க நாகர்கோவில் நேரத்துக்கு இரும்ப எடுங்க. ஒங்களுக்கு வெள்ளி. நான் இந்த ஊரு நேரத்துக்குக் காசு குடுக்கேன். எனக்கு சனி. சரியாப் போச்சா?"

கோலப்பன் யோசிச்சான். வெள்ளிக்கிழமை அவன் காசு குடுக்கல. சனிக்கிழமை அவ இரும்பு வாங்கல. எந்தச் சாமியும் குறுக்க வர வழியே இல்ல. "நீ வக்கீலாப் போயிருக்கலாம்ட்டீ," அப்படின்னான்.

"முதல்ல நகருங்க. வாத்து என் சேலையப் பிடிச்சு இழுக்கு."

டோரீன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. "இப்ப யாரு வாங்கறது?"

"அவரு," அப்படின்னா பகவதி.

"யாரு காசு குடுக்கறது?"

"நான்."

"அது எல்லா வீட்டுலயும் அப்படித்தான்," அப்படின்னுட்டு டோரீன் காச வாங்கிக்கிட்டா.

அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா சர்ரு சர்ருன்னு தீட்டினான். திங்கக்கிழமை ஃபிரேசர் பட்டறைக்குப் போனான். இரும்பு மூக்கு வெச்ச பெரிய பூட்ஸ் குடுத்தாங்க. மேசை முன்னாடி நிக்க வெச்சாங்க. கோலப்பனுக்கு நின்னு வேலை செஞ்சு பழக்கமே கிடையாது. தரையில உக்காந்து, கால் விரலால மரத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் செய்வான். நின்னுக்கிட்டு ஜன்னல் சட்டத்துல முதல் துளைய அடிச்சான், டொக் டொக் டொக். கட்டைய உள்ள விட்டா, லொட லொடன்னு ஆடுது. காக்கா கூடு கட்டற அளவுக்கு இடைவெளி.

ஃபிரேசர் குனிஞ்சு அந்த இடைவெளிக்குள்ள விரல விட்டுப் பாத்தார். அதப் பாத்ததும் கோலப்பனுக்கு பயமா இருந்துச்சு. மச்சினன் கடை மூட்டை எல்லாம் கண்ணு முன்னாடி வரிசையா வந்து நின்னுச்சு.

"சார், உக்காந்துக்கட்டுமா?"

"எங்க?"

"கீழ."

ஃபிரேசர் தலையச் சொறிஞ்சார். பட்டறையில இருந்தவங்க எல்லாம் வேலைய விட்டுட்டுத் திரும்பிப் பாத்தாங்க. "பூட்ஸக் கழட்டக் கூடாது. மத்தபடி உன் இஷ்டம்."

கோலப்பன் பூட்ஸோட சப்பணம் போட்டு உக்காந்தான். விரலால பிடிக்க முடியல, ரெண்டு பூட்ஸுக்கும் நடுவுல கட்டைய இடுக்கிக்கிட்டான். டொக். டொக். டொக். சாயங்காலம் வரைக்கும். கடைசித் துளையில கட்டைய விட்டுத் தட்டினான். சிக்குனு போய் நின்னுச்சு. ஃபிரேசர் பிடிச்சு ஆட்டிப் பாத்தார். ஆடல. அப்புறம் முதல் துளைக் கட்டையப் பிடிச்சு ஆட்டினார். அது ஆடுச்சு. "யோசிச்சுச் சொல்றேன்," அப்படின்னுட்டு விளக்க அணைச்சுட்டுப் போயிட்டார்.

கதை படுத்தாச்சு. நீயும் படு.

"வேலை கிடைச்சுதா?"

அதுக்கடுத்த திங்கக்கிழமை, ரெண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச் அஞ்சாம் தேதி, கோலப்பன் ஃபிரேசர் பட்டறையில வேலைக்குச் சேந்தான்.